நண்பர்கள் இரவு தங்க வருகிறார்களா? வன்னிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலை மாற்றம் கிடைத்துத் திருகோணமலையிலிருந்து கிளிநொச்சிக்கு வந்த நான்காவது மாதம், பல்கலைக்கழகக் காலத்து நண்பர்கள் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார்கள். கொழும்பிலிருந்து இரண்டு குடும்பங்கள், கனடாவிலிருந்து ஒருவர். மொத்தம் ஏழு பேர், இரண்டு இரவுகள். பத்து நாளாக நான் சமையலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வந்திறங்கிய அதிகாலையில் பஸ் நின்ற இடத்தில் நான் இல்லை. காலை ஏழு மணிக்குத் தண்ணீர்த் தாங்கி வற்றியது. மாலையில் சிவில் உடையில் இருவர் படலையடிக்கு வந்து, வெளிநாட்டிலிருந்து வந்தவரின் விவரம் கேட்டார்கள். காட்டுவதற்கு ஒரு பிரதிகூட என்னிடம் இல்லை. சாப்பாட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது.

அதற்குப் பிறகு எட்டுத் தடவை விருந்தினர் வந்து தங்கிப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்றைக் கற்றேன். நகரத்தில் மறந்துபோன பொருளைப் பத்து நிமிடத்தில் சந்திக்கு ஓடி வாங்கிவிடலாம். இங்கே கடைகள் நேரத்தோடு மூடிவிடும், நள்ளிரவில் ஆட்டோ கிடைக்காது, தண்ணீர் உங்கள் கிணற்றிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே தண்ணீர், படுக்கை, இரவுப் பயணம் ஆகிய மூன்றையும் முதலில் ஒழுங்குபடுத்துங்கள். சமையலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

நான் எழுதுவது கிளிநொச்சி அனுபவத்திலிருந்து. முல்லைத்தீவு, வவுனியா வடக்கு, மாந்தை, மடுப் பக்கங்களில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. நாளை நீங்கள் தெரிவுசெய்யுங்கள்

“எப்போது வரலாம்?” என்று நண்பர் கேட்டால் “எப்போதும் வரலாம்” என்று சொல்லிவிடாதீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அவர்கள் ஐப்பசி மழைக்குள் வந்தார்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழைக் காலம். ஒழுங்கைகள் சேறாகும், சில உள்வீதிகளில் வெள்ளம் குறுக்கே பாயும். பலர் கவனிக்காத ஒன்று மலசலகூடக் குழி. மண் நீரில் ஊறிவிட்டால் குழியின் தண்ணீர் நிலத்துக்குள் வடியாது. மூன்று பேர் பாவிக்கும் குழியைப் பத்துப் பேர் பாவித்தால் இரண்டாம் நாளே பின்னுக்குத் தள்ளத் தொடங்கும். குழியைக் கலி பவுசர் (மலக்கழிவை உறிஞ்சி எடுக்கும் வாகனம்) மூலம் எடுப்பிக்க வேண்டுமானால் உங்கள் பிரதேச சபையில் விண்ணப்பித்து, பணம் கட்டி, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். கிளிநொச்சி நகரை அண்டியவர்களுக்கு அது கரைச்சிப் பிரதேச சபை. மழைக்காலத்தில் எல்லோரும் அதே வேலைக்காகக் காத்திருப்பார்கள். குறைந்தது மூன்று கிழமைக்கு முன் கேளுங்கள்.

ஆவணி, புரட்டாதியில் கதை தலைகீழ். கிணறுகள் அடியைத் தொட்டுவிடும். அதே பருவத்தில்தான் நல்லூர்த் திருவிழா 25 நாட்கள் நடக்கிறது. ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா. வடக்கே வரும் ரயிலிலும் பஸ்ஸிலும் இருக்கை கிடைப்பது பெரும்பாடு. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் நாளில் முல்லைத்தீவுப் பக்கம் வீதியெல்லாம் சனம். பொங்கலுக்கென்றே வருபவர்கள் என்றால் அதற்கேற்ற திட்டம் வேண்டும். ஆறுதலாக இருந்து கதைக்க வருபவர்களுக்கு அந்த நாள் சரிவராது.

என்னைக் கேட்டால் தை கடைசியிலிருந்து பங்குனி வரை. குளங்கள் நிறைந்திருக்கும், கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கும், வயல்களில் பெரும்போக அறுவடை நடக்கும், காலையில் காற்றில் வைக்கோல் மணக்கும். பிள்ளைகளுக்குப் பாடசாலை இருக்கும்தான். வெள்ளி இரவு வந்து ஞாயிறு போகும்படி வைத்துக்கொள்ளலாம்.

2. பத்திரங்களை முதலே வாங்கி வையுங்கள்

உள்நாட்டு நண்பர்களிடம் தேசிய அடையாள அட்டையின் இரு பக்கப் படம், வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் கடவுச்சீட்டின் விவரப் பக்கமும் விசாப் பக்கமும். அவர்கள் புறப்படுவதற்கு முன்பே கேட்டு வாங்கி, அச்சிட்டு, ஓர் உறையில் போட்டு வீட்டில் வையுங்கள். தொலைபேசியில் மட்டும் வைத்திருந்தால் மின்சாரம் போன நேரத்தில் பேட்டரியும் இறங்கியிருக்கும். நண்பரிடம் அடையாளப் பத்திரம் கேட்கக் கூச்சமாக இருக்கும்தான். “புது ஊர், யாராவது கேட்டால் காட்டவேண்டும்” என்று ஒரு வரி எழுதினால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவர்களுக்கு இன்னும் சில:

விசாவுக்கு முன்னனுமதியை இணையத்தில் பெறும்போது குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் சொந்த இணையத்தளத்தில்தான் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதே தோற்றத்தில் இடைத்தரகர்களின் பக்கங்கள் பல உண்டு; கட்டணத்துக்கு மேல் கட்டணம் அறவிடுவார்கள். பிள்ளைகளுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் அடிக்கடி மாறுவதால், போன வருடம் வந்தவர் சொன்ன தொகையை நம்பாமல் விண்ணப்பிக்கும் நாளில் பார்க்கச் சொல்லுங்கள்.

இலங்கையில் தங்கும் முகவரி எது என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள். வன்னியில் பல வீடுகளுக்கு இலக்கமே இல்லை. வீதியின் பெயர், கிராமம், கிளிநொச்சி என்று உங்கள் மின்சாரப் பட்டியலில் உள்ளபடி முகவரியை ஆங்கில எழுத்தில் தெளிவாக எழுதி, உங்கள் தொலைபேசி இலக்கத்தோடு அனுப்புங்கள். என் நண்பர் அவசரத்தில் கொழும்பு உறவினரின் முகவரியைப் போட்டுவிட்டார். பின்பு “முகவரி அங்கே, ஆள் ஏன் இங்கே?” என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லவேண்டியிருந்தது.

வடக்குக்கு வரப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டுமா, ஓமந்தையில் இறங்கி நடக்க வேண்டுமா என்று வெளிநாட்டில் இருக்கும் மூத்தவர்கள் இன்னும் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. அந்த நடைமுறையும் ஓமந்தைச் சோதனைச் சாவடியும் 2015இலேயே போய்விட்டன. அவர்களுக்கு இதைப் பொறுமையாக, இரண்டு தடவை சொல்லுங்கள். அந்த வீதியைப் பற்றிய பயம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும்.

உங்கள் மோட்டார் சைக்கிளை வெளிநாட்டு நண்பரிடம் கொடுக்காதீர்கள். அந்த நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் இங்கே செல்லாது. இலங்கையில் ஓட்டுவதற்கென்று அனுமதி எடுத்திருக்க வேண்டும். விபத்து என்று வந்தால் வாகனச் சொந்தக்காரரான உங்களுக்கும் காப்புறுதிச் சிக்கல். ட்ரோன் கொண்டுவருகிறேன் என்பவரிடம் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் அது கொழும்பிலேயே இருக்கட்டும்.

3. வருகைப் பயணம்

ரயில் என்றால் 30 நாட்களுக்கு முன் முன்பதிவு திறக்கும். விடுமுறைக் காலத்தில் திறந்த அன்றே இருக்கைகள் முடிந்துவிடுவதுண்டு. பதிவு செய்யும்போது ஒவ்வொருவரின் அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கமும் தேவைப்படும். மேலே சொன்ன உறை இங்கேயும் கைகொடுக்கும். வடபாதையில் திருத்த வேலைகளாலும் வெள்ளத்தாலும் சேவை இடையிடையே நிறுத்தப்படுவதுண்டு. பயணத்துக்கு ஒரு கிழமைக்கு முன் கொழும்புக் கோட்டை நிலையத்துக்கு அழைத்து, ரயில் ஓடுகிறதா, உங்கள் நிலையத்தில் நிற்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள். முல்லைத்தீவுக்கு ரயில் பாதை இல்லை. அங்கே இருப்பவர்கள் நண்பர்களை மாங்குளத்திலோ கிளிநொச்சியிலோ இறக்கி அழைத்துச் செல்ல வேண்டும். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாகவும், கிளிநொச்சியை அடுத்துள்ள பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாகவும் முல்லைத்தீவு நகரம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர்.

பெரும்பாலானவர்கள் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்ஸில்தான் வருவார்கள். இதில்தான் நான் மோசமாகத் தவறினேன்.

இந்த பஸ்கள் இரவில் புறப்பட்டு விடிவதற்கு முன் கிளிநொச்சியைக் கடந்துவிடும். பயணிகளில் பெரும்பாலோர் யாழ்ப்பாணம் போகிறவர்கள். விளக்கு அணைந்திருக்கும், எல்லோரும் தூக்கத்தில் இருப்பார்கள், நடத்துநரும் அலுப்பில் இருப்பார். என் நண்பர்கள் ஐந்தரை மணிக்கு வருவார்கள் என்று கணக்குப் போட்டு, ஐந்து மணிக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுத்தேன். பஸ் மூன்றே முக்காலுக்கே வந்துவிட்டது. இரண்டு கைக்குழந்தைகள், ஆறு பைகள், பூட்டிய கடை வாசல், தூறல். என் தொலைபேசி சத்தமில்லாமல் கிடந்தது. நான்கு இருபதுக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். ஒரு கடைத் தாழ்வாரத்தில் நண்பனின் மனைவி தன் சேலைத் தலைப்பைக் குழந்தையின் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றார். என்னைக் கண்டதும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

இப்போது நான் செய்வது இது. பஸ்ஸின் இலக்கத் தகட்டு எண்ணையும் நடத்துநரின் தொலைபேசி இலக்கத்தையும் ஏறியவுடனேயே வாங்கி அனுப்பச் சொல்கிறேன். வவுனியா தாண்டியதும் ஓர் அழைப்பு. முறிகண்டியில் பிள்ளையாருக்காகப் பெரும்பாலான பஸ்கள் ஒரு நிமிடமாவது நிற்கும். கச்சான் விற்பவர்களின் குரலுக்கு யாரும் விழித்துவிடுவார்கள். அங்கே இரண்டாவது அழைப்பு. முறிகண்டி அழைப்பு வந்ததும் நான் வீட்டைவிட்டுக் கிளம்பினால் பஸ்ஸுக்கு முன் போய் நிற்கலாம். நடத்துநருக்கும் நானே ஒரு தடவை அழைத்து, “தம்பி, கிளிநொச்சியில் ஏழு பேர் இறங்குகிறார்கள்” என்று சொல்லிவிடுவேன். சொல்லாமல் விட்டு, ஆனையிறவு தாண்டிக் கண்விழித்தவர்களை எனக்குத் தெரியும்.

கிளிநொச்சியில் இறங்கினாலும் யாழ்ப்பாணம் வரைக்குமான கட்டணத்தையே பல பஸ்களில் வாங்குவார்கள். முன்பே சொல்லிவைத்தால் நள்ளிரவில் வாக்குவாதம் வராது.

ஆட்டோக்காரர் ஒருவரை முதல் நாளே பேசிவையுங்கள். அதிகாலை மூன்று மணிக்கு வருவதற்குப் பகல் கட்டணத்தைக் கொடுப்பது நியாயமில்லை. எவ்வளவு என்று கேட்டு, அதை ஒப்புக்கொண்டுவிடுங்கள்.

வானில் வருபவர்கள் இரவில் ஓடவேண்டாம் என்று சொல்லுங்கள். ஏ9 வீதியில் மாடுகள் தாரிலேயே படுத்திருக்கும். மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்க வீதிகளில் யானைகள் குறுக்கே வரும். கட்டுநாயக்காவில் மாலையில் இறங்குபவர்கள் அன்றிரவு நீர்கொழும்பிலோ அனுராதபுரத்திலோ தங்கி, விடிந்து வருவது நல்லது. சென்னையிலிருந்து வருபவர்களுக்குப் பலாலி விமான நிலையம் வசதி. அங்கிருந்து கிளிநொச்சி இரண்டு மணிநேரத்துக்குள்.

4. வீட்டுக்காரருக்கும் அயலுக்கும் சொல்லுங்கள்

வாடகை ஒப்பந்தத்தை எடுத்து ஒரு தடவை வாசியுங்கள். எத்தனை பேர் குடியிருக்கலாம் என்று அதில் எழுதியிருக்கக்கூடும். எழுதாவிட்டாலும் வீட்டுக்காரருக்கு இரண்டு கிழமைக்கு முன் சொல்லுங்கள். மின்சார மீற்றர் ஒன்று, கிணறு ஒன்று என்று வளவைப் பகிர்ந்து வாழ்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். எங்கள் வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, “எத்தனை சின்னப் பிள்ளைகள்? கிணற்றுக்கு மூடி போட்டாயிற்றா?” கட்டுத் தாழ்ந்த கிணறு அது. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. அன்றே கம்பி வலையடித்த சட்டம் ஒன்று செய்வித்தேன்.

கிராம அலுவலருக்கும் ஓர் அழைப்பு எடுத்துவிடுங்கள், குறிப்பாக வெளிநாட்டவர் வந்தால். பிறகு யார் வந்து விசாரித்தாலும் அவர்கள் அவரிடமும் கேட்பார்கள். தெரியாது என்று அவர் சொன்னால் சின்ன விஷயம் பெரிதாகும். விசாரிக்க வருபவர்களிடம் நீங்கள் யார், எங்கிருந்து என்று மரியாதையாகக் கேளுங்கள். பிரதியைக் காட்டுங்கள். கடவுச்சீட்டின் மூலத்தைக் கையை விட்டுக் கொடுத்தனுப்பாதீர்கள்.

பக்கத்து வளவுகளுக்கும் சொல்லுங்கள். நாய்கள் இரவெல்லாம் குரைத்தால் ஏன் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

5. தண்ணீர்

கணக்கு எளிது. குளிப்பு, மலசலகூடம், சமையல், துணி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் என்று வையுங்கள். நாங்கள் மூவர், வந்தவர்கள் ஏழு பேர், 1,000 லீற்றர். எங்கள் தாங்கி 500 லீற்றர். காலையில் எல்லோரும் குளிக்கத் தொடங்கியதும், குழாய் ஒரு தடவை இருமி, காற்றை ஊதி, நின்றுவிட்டது. தலையில் சவர்க்கார நுரையோடு ஒருவர் உள்ளே நின்று கதவைத் தட்டினார். மோட்டரைப் போட ஓடினேன். மின்சாரம் இல்லை. கிணற்றில் வாளியும் கயிறும் இல்லை, ஏனென்றால் மோட்டர் இருக்கிறதே என்று நான் வாங்கவில்லை. பக்கத்து வீட்டு வாளியைக் கேட்டு வாங்கித்தான் அள்ளினோம்.

ஆகவே:

வாளியும் கயிறும் மோட்டர் உள்ள வீட்டிலும் இருக்கட்டும். கயிறு கிணற்றின் கோடை ஆழத்துக்குப் போதுமா என்று இறக்கிப் பாருங்கள்.

மூடியுள்ள 200 லீற்றர் பீப்பாய் இரண்டு வாங்குங்கள், அல்லது இரவல் கேளுங்கள். கலியாண வீட்டுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுபவர்களிடமும் கிடைக்கும். முதல் நாள் மாலையே தாங்கியையும் பீப்பாய்களையும் நிரப்புங்கள். இரவு பத்து மணிக்கு ஒரு தடவை, விடிய நாலரைக்கு ஒரு தடவை மோட்டரைப் போடுங்கள். தண்ணீர் குறைந்த கிணற்றில் மோட்டரைத் தொடர்ந்து ஓடவிட்டால் அது காற்றை இழுத்துச் சூடாகி எரிந்துவிடும். அரைமணி ஓடவிட்டு, ஊறுவதற்கு நேரம் கொடுத்து, மறுபடி போட வேண்டும்.

கோடையில் கிணறு போதாது என்று பட்டால் பிரதேச சபையின் தண்ணீர்ப் பவுசரையோ தனியார் பவுசரையோ மூன்று நாட்களுக்கு முன் பதியுங்கள். கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. உங்கள் ஒழுங்கைக்குள் அந்த வாகனம் திரும்புமா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு வந்த பவுசர் திருப்பத்தில் நுழைய முடியாமல் அப்படியே திரும்பிப் போனது.

குடிதண்ணீர் வேறு. வன்னியின் பல இடங்களில் கிணற்று நீர் கடினமானது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பைப் பார்த்தாலே தெரியும். வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோய் பரவலாக இருப்பதால் மக்களும் இதில் கவனமாகவே இருக்கிறார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், கடினம் முழுவதும் போகாது. சுத்திகரிப்பு நிலையங்களில் கேனோடு போனால் லீற்றர் கணக்கில் சில ரூபாவுக்கு நிரப்பித் தருவார்கள். வெயில் நாளில் ஒருவருக்கு மூன்று லீற்றர், குழந்தையின் பால்மாவுக்குத் தனியாக. அந்த நிலையங்கள் எந்த நாள், எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேட்டு வையுங்கள்.

6. படுக்கை

கட்டில் எல்லோருக்கும் இருக்காது. “பாயைப் போட்டால் ஆயிற்று” என்று நண்பர்களே சொல்வார்கள். பழைய விடுதி நாட்களின் நினைவில் அது இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் வன்னியில் வெறும் பாயில், வலை இல்லாமல், தரையில் யாரையும் படுக்கவிடாதீர்கள்.

அன்றிரவு நண்பனின் மகனை முன் விறாந்தைக் கதவோரம் பாயில் படுக்கவைத்திருந்தோம், காற்று வரும் என்று. பக்கத்து வீட்டு அக்கா இடியப்பத் தட்டுகளைத் திருப்பித் தர வந்தவர், டோர்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார். “தம்பி, பிள்ளையை எழுப்பி உள்ளே கொண்டுபோங்கள்” என்றார். கேள்வி கேட்க இடம் வைக்காத குரல். பிறகு தன் வீட்டு வலையைக் கொண்டுவந்து, நான்கு மூலையையும் கட்டி, முழங்காலில் இருந்து வலையின் விளிம்பைப் பாயின் அடியில் ஒரு சாண் ஒரு சாணாகச் செருகினார். சுற்றி வந்து முடித்தபின் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தார், எங்காவது இடைவெளி இருக்கிறதா என்று. “நுளம்புக்கு மட்டும் இல்லை” என்றார்.

அவர் சொன்னது கட்டு விரியனை. இரவில் நடமாடும் பாம்பு. வீட்டுக்குள் நுழைந்து, தரையில் தூங்குபவர்களைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. தூங்குபவருக்குத் தெரியாமலே போகலாம். சில மணிநேரத்தில் வயிற்றுவலி, இமை சரிவது, பேச்சுக் குழறுவது, பிறகு மூச்சுத்திணறல். மழைக்காலத்தில் புற்றுகளில் தண்ணீர் ஏறும்போது பாம்புகள் உலர்ந்த இடம் தேடி வரும். அடியில் நன்றாகச் செருகிய வலை நுளம்பையும் தடுக்கும், இதையும் தடுக்கும்.

வலை மூன்று வாங்கினேன். வாங்கும்போது நீள அகலத்தை அளந்து பாருங்கள். பாயைவிட எல்லாப் பக்கமும் ஒரு முழம் கூடுதலாக இருந்தால்தான் செருகலாம். கதவடி இடைவெளியில் பழைய சேலையைச் சுருட்டி வையுங்கள். விறகு, தேங்காய்மட்டை, கல் குவியல்களை வீட்டுச் சுவரோரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மலசலகூடம் வெளியே இருந்தால் வழியில் விளக்கு எரியட்டும். ஆளுக்கொரு டோர்ச் கொடுங்கள், செருப்பைத் தட்டிப் போடச் சொல்லுங்கள்.

கடித்துவிட்டால், அல்லது கடித்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே, வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் சேவை இலவசம். மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்திருங்கள். வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். நேரே அரசாங்க மருத்துவமனைக்கு. விஷ முறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் என்று ஒரு தடவை ஓடிப் பாருங்கள்.

7. மின்சாரம்

மின்சாரம் போனால் முறையிட அழைக்க வேண்டிய இலக்கம் 1987. இரண்டு அவசர விளக்குகளை முதல் நாளே மின்னேற்றி வையுங்கள். கனடா, அமெரிக்காவிலிருந்து வருபவர்களின் தலைமுடி உலர்த்தி போன்ற கருவிகள் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை, இங்கே 230. சொருகியதும் கருகிவிடும். தொலைபேசி, மடிக்கணினி மின்னேற்றிகள் பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும், கருவியிலேயே எழுதியிருக்கும்.

8. சாப்பாடு

இதில் உங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சில எச்சரிக்கைகள் மட்டும். போயா (பௌர்ணமி) தினத்தில் இறைச்சிக் கடையும் மதுக்கடையும் திறக்காது. வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் முதலே சொல்லிவிடுங்கள். கடல்மீனைக் காலையிலேயே வாங்குங்கள். குளத்து விரால் கிடைத்தால் விடாதீர்கள், கொழும்பிலிருந்து வருபவர்கள் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். எரிவாயு சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள், இலேசாக இருந்தால் நிரம்பியது ஒன்று வீட்டில் இருக்கட்டும். அதிகாலை வருபவர்களுக்குச் சுடுதண்ணீர்ப் போத்தலில் இஞ்சித் தேநீர் தயாராக இருந்தால் போதும். அந்த நேரத்தில் யாருக்கும் புட்டு இறங்காது.

9. வெளியே கூட்டிப்போவது

இரணைமடு, முல்லைத்தீவுக் கடற்கரை, நந்திக்கடல் என்று கேட்பார்கள். காலை ஆறிலிருந்து பத்து மணிக்குள்ளும் மாலை நான்குக்குப் பிறகும் போங்கள். நடுப்பகல் வெயில் பழகாதவர்களை வீழ்த்திவிடும். மழைக்காலத்தில் முல்லைத்தீவுக் கடலில் இறங்கவே வேண்டாம். இரணைமடுவின் வான்கதவுகள் திறந்திருக்கும் நாட்களில் கீழ்ப்பக்க வாய்க்கால்களிலும் குளிக்கக்கூடாது.

சிவப்பில் மண்டையோடு வரைந்த பலகையைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே காட்டி விளக்குங்கள். முகமாலைப் பக்கத்திலும் வேறு இடங்களிலும் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்தபடியே இருக்கிறது. வீதியை விட்டு விலகிப் பற்றைக்குள் போவது, கிடக்கும் இரும்பை எடுப்பது இரண்டும் கூடாது. இராணுவ முகாம்களைப் படம் எடுக்க வேண்டாம்.

இன்னொன்று. வருபவர்களில் சிலர் போரைப் பற்றிக் கேட்பார்கள். உங்கள் அயலவரிடம் அவர்களாகப் போய் “அந்த நேரம் எங்கே இருந்தீர்கள், யாரை இழந்தீர்கள்” என்று கேட்கவிடாதீர்கள். சொல்ல விரும்புகிறவர்கள் தாமாகச் சொல்வார்கள். வீட்டுக்குள் வரும் முன்பே நான் இதை நண்பர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

10. காசு

அந்த முதல் தடவை எனக்கான செலவு: வலை, பாய், பீப்பாய், கிணற்று மூடி என்று திரும்பத் தேவைப்படாத செலவு 14,000 ரூபா, சாப்பாடு 17,500, எரிவாயுவும் தண்ணீரும் 4,000, ஆட்டோ 2,500. மொத்தம் 38,000. அடுத்த தடவைகளில் முதல் தொகை இல்லை. சம்பளம் எடுத்த கிழமையில் நாளை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்களில் பண இயந்திரம் இருக்காது. நகரத்துக்குப் போகும் அன்றே எடுத்துவிடுங்கள்.

போகும்போது நண்பர்கள் மேசையில் காசை வைத்துவிட்டுப் போகப் பார்ப்பார்கள். வாங்குவதும் விடுவதும் உங்கள் உறவைப் பொறுத்தது. ஆனால் நண்பரின் நண்பர்கள், தெரிந்தவரின் தெரிந்தவர்கள் என்று வந்து இரவுக்கு இவ்வளவு என்று பேசத் தொடங்கினால் அது விருந்தோம்பல் அல்ல, தொழில். அதற்கு இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் வீட்டுத் தங்குமிடமாகப் பதிய வேண்டும்; வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். பதியாமல் செய்யாதீர்கள்.

11. அனுப்பிவைப்பது

திரும்பும் இருக்கையை வரும் இருக்கையோடு சேர்த்தே பதிய வேண்டும். யாழ்ப்பாணத்தில் புறப்படும் பஸ் அங்கேயே நிறைந்துவிடும். கிளிநொச்சியில் கையைக் காட்டி மறித்து ஏழு இருக்கை கேட்க முடியாது. பதியும்போது ஏறும் இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: நகரத்தில் எந்தக் கட்டடத்துக்கு முன், வீதியின் எந்தப் பக்கம். குறித்த நேரத்துக்கு அரைமணி முன்பே போய், நீங்கள் முன்னால் நின்று டோர்ச்சை அடியுங்கள். பிள்ளைகள் வீதியிலிருந்து தள்ளி நிற்கட்டும். அந்த பஸ்கள் நிற்கும்வரை வேகம் குறைப்பதில்லை.

ஏறியதும் நடத்துநரிடம் இருக்கை இலக்கங்களைச் சரிபார்த்து, தண்ணீர்ப் போத்தலையும் கச்சான் பொதியையும் கையில் கொடுத்துவிட்டு இறங்குங்கள். கடவுச்சீட்டு யாருடைய பையில் இருக்கிறது என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். எங்கள் வீட்டுத் தலையணைக்கடியில் ஒன்று கிடந்து, அதை வவுனியாவரை மோட்டார் சைக்கிளில் துரத்திக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலை வலைகளைக் கழுவி வெயிலில் போடுங்கள். பீப்பாய்களில் மிஞ்சிய தண்ணீரை மரங்களுக்கு ஊற்றி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். திறந்தபடி விட்டால் ஒரு கிழமைக்குள் அதில் டெங்கு நுளம்பு பெருகும்.